விண்வெளிப் படங்களின் திரையிடல்: படம் முடிந்தபின் பேச்சை எப்படித் தொடங்குவது?

கீழ்வானம் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். விண்வெளிப் பயணம் பற்றிய படங்களைப் பொதுமக்களுக்குத் திரையிட்டு, அதையடுத்து உரையாடல் நடத்தும் குழுக்களோடு தொடர்ந்து இயங்கிவருகிறேன். பெரும்பாலான கூட்டங்களில் ஒரே காட்சியைத்தான் காண நேர்கிறது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலான படம் முடிகிறது, விளக்கைப் போடுகிறார்கள், ஒருங்கிணைப்பாளர் மைக்கைப் பிடித்து, "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்கிறார். அதற்குள் பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். விவரம் அறிந்த ஒருவர் நெடுநேரம் பேசுகிறார். மீதிப் பேர் மரியாதைக்காகக் கேட்டுவிட்டுக் கலைகிறார்கள். இதை உரையாடல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிடித்த படத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கொரு கேள்வியைக் கடைசி நேரத்தில் தேடுவதுதான் இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அந்தக் கேள்வியைப் பார்ப்பவர் மனத்தில் தானாகவே எழுப்பக்கூடிய படத்தை அதன்பிறகு தேட வேண்டும். படம் சிறியதாக இருந்தால் இன்னும் நல்லது.

எடுத்துக்காட்டாக, ஜார்ஜ் மெலியே 1902-இல் எடுத்த, நிலவுப் பயணம் பற்றிய மௌனப் படம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வானியலாளர்கள் சிலர் பீரங்கிக் குண்டு ஒன்றுக்குள் ஏறிக்கொள்ள, அதை நிலவை நோக்கிச் சுடுகிறார்கள். அது நேராகப் போய் நிலவின் கண்ணில் தைக்கிறது. குழந்தைகளும் பெரியவர்களும் ஒருசேரச் சிரிக்கும் இடம் அது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், "உண்மையாகவே பீரங்கியில் வைத்துச் சுட்டால் போக முடியாதா?" என்று கேட்டுவிட வேண்டும். கணக்குத் தெரிந்தவர் கரும்பலகைக்கு வரட்டும். புவியின் ஈர்ப்பை மீற நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் தேவை. 300 மீட்டர் நீளமுள்ள குழாய்க்குள்ளேயே அந்த வேகத்தை எட்டுவதானால், உள்ளே இருப்பவர் தம் எடையைப் போல ஏறத்தாழ 21,000 மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். ராக்கெட் ஏன் அத்தனை நிமிடங்கள் எரிகிறது, ஏன் அடுக்கடுக்காகக் கழன்று விழுகிறது என்ற கேள்விகள் அதன்பிறகு வரிசையில் வந்து நிற்கும். கால் மணி நேரப் படத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சு கிடைக்கிறது என்றால், அதுவல்லவா நாம் விரும்பியது?

முழுநீளப் படங்களைக் குறைத்துக்கொண்டு, குறும்படங்களையும் தேர்ந்த காட்சிகளையும் மட்டும் காட்டினால் என்ன? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒளிக்கற்றை

இழையைத் தொடங்கிய நண்பரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் சொல்லும் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. காட்சிகளை வெட்டியெடுத்துப் பாடம் நடத்துவதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஊரார் ஒன்றுகூடி இருட்டில் உட்கார்ந்து ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பதென்பது வேறோர் அனுபவம். அதைக் கேள்விக்கான முன்னுரையாகக் குறுக்கினால், அடுத்த மாதம் வருகிறவர்களின் எண்ணிக்கையும் குறுகும்.

மனிதர் முதன்முதலில் நிலவில் இறங்கிய பயணம் பற்றி 2019-இல் வெளியான 'அப்பல்லோ 11' ஆவணப்படத்தை எண்ணிப்பாருங்கள். பின்னணியில் விளக்கவுரை சொல்லும் குரலே கிடையாது. காப்பகத்தில் கிடந்த 70 மி.மீ. படச்சுருள்களையும் அன்றைய ஒலிப்பதிவுகளையும் கொண்டே 93 நிமிடங்களும் நகர்கின்றன. முடிவு என்னவென்று உலகுக்கே தெரிந்திருந்தும், தரையிறங்கும் நேரத்தில் அரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்க்கிறது. ஏவுதளத்தின் காத்திருப்பையும் கடற்கரையில் கூடிநிற்கும் மக்களையும் வெட்டிவிட்டுத் தரையிறக்கத்தை மட்டும் காட்டினால் அந்த இறுக்கம் எங்கிருந்து வரும்?

பேச்சு எழாததற்கு நான் காணும் காரணம் வேறு. படம் முடிந்த கையோடு மைக்கை நீட்டுகிறோம். பார்த்தவர் இன்னும் படத்துக்குள்ளேயே இருக்கிறார். அவரிடம் கேள்வி எப்படி இருக்கும்? பெயர்கள் ஓடி முடியும்வரை விளக்கைப் போடாமல் விடுங்கள். அதற்குப் பின்னும் பத்து நிமிட இடைவேளை கொடுங்கள். மக்கள் இருவர் மூவராக நின்று தாமாகவே பேசத் தொடங்குவார்கள். ஒருங்கிணைப்பாளரின் வேலை அந்தப் பேச்சுகளுக்குக் காதுகொடுத்து, அவற்றுள் ஒன்றை எடுத்துவந்து அவை முன் வைப்பதுதான்.

கேள்வியும் படத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் விருப்பம். மேற்சொன்ன படத்தில் கட்டுப்பாட்டு அறைக் காட்சிகள் வரும்போது, அங்கே எத்தனை பெண்கள் தென்படுகிறார்கள் என்று கவனிக்கும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்பல்லோ 11 புறப்பட்டபோது ஏவுதல் கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருந்த ஒரே பெண் பொறியாளர் ஜோஆன் மோர்கன். அந்த ஒரு செய்தி போதும். பேச்சு எங்கெங்கோ போகும்.

ஏடகம்

உரையாடலுக்குப் போகும் முன் ஒரு நடைமுறைச் செய்தியைச் சொல்லிவிட விரும்புகிறேன், ஏனெனில் இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடையில் வாங்கிய வட்டும், வீட்டில் கட்டும் ஓடிடி சந்தாவும் நம் குடும்பம் பார்ப்பதற்கான அனுமதியை மட்டுமே தருகின்றன. பொது இடத்தில் திரையிட, கட்டணம் வாங்காவிட்டாலும்கூட, பொதுவாகத் தனி உரிமம் பெற வேண்டும். விநியோகஸ்தருக்கோ தயாரிப்பு நிறுவனத்துக்கோ கடிதம் எழுதும்போது, நாள், இடம், எதிர்பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை, நுழைவுக் கட்டணம் உண்டா இல்லையா என்பதையெல்லாம் முதல் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிட்டால் அலைச்சல் குறையும். ஆவணப்பட இயக்குநர்கள் பலர் சமூகத் திரையிடலுக்கு மனமுவந்து இசைகிறார்கள் என்பதையும் கண்டிருக்கிறேன்.

நாசா தானே எடுத்த ஒளிப்படங்களுக்கும் காணொளிகளுக்கும் பெரும்பாலும் பதிப்புரிமைத் தடை இல்லை. ஆனால் அதன் இலச்சினையை நம் சுவரொட்டியில் போட்டுக்கொள்ள முடியாது. மெலியேவின் படம் பதிப்புரிமை நீங்கிப் பொதுச்சொத்தாகிவிட்டது. அதே வேளையில், அதைப் புதிதாகச் சீரமைத்து இசை சேர்த்து வெளியிட்ட பதிப்புகளுக்குத் தனி உரிமை இருக்கக்கூடும். எந்தப் பதிப்பைத் திரையிடுகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்வானம்

ஒளிக்கற்றை அவர்களின் மறுப்பை மதிக்கிறேன். முழுப் படத்தையும் பார்க்கும் அனுபவத்தைக் கைவிடச் சொல்வது சரியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் முழுநீளப் படத்துக்குப் பிறகு, களைத்துப்போன அவைக்கு என்ன கொடுக்கலாம் என்பதே மீதமிருக்கும் கேள்வி. அதற்குப் பேச்சைவிடக் கைவேலை பொருத்தமாக இருக்கிறது என்பதை ஒரு முறை கண்டேன். அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

திரையிட்டது 1995-இல் வந்த 'அப்பல்லோ 13'. 1970 ஏப்ரலில் ஆக்சிஜன் தொட்டி வெடித்ததால் நிலவில் இறங்காமலே திரும்ப நேர்ந்த பயணத்தின் கதை. ஜிம் லவெல், ஜாக் ஸ்வைகர்ட், ஃப்ரெட் ஹைஸ் ஆகிய மூவரும் நிலவுக்கலத்துக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். அந்தக் கலமோ இருவர் ஏறத்தாழ இரண்டு நாள் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. அதில் மூவர் நான்கு நாள் மூச்சுவிட்டால், வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் வடிகலன்கள் போதாமல் போய்விடும். தாய்க்கலத்தில் கூடுதலாக வடிகலன்கள் இருந்தன. ஆனால் அவை சதுர வடிவம், நிலவுக்கலத்தின் பொருத்துவாய் வட்ட வடிவம். பிளாஸ்டிக் பை, அட்டை, காற்றுக் குழாய், ஒட்டும் நாடா என்று கலத்தில் இருந்த பொருள்களைக் கொண்டே இரண்டையும் பொருத்தும் வழியைத் தரையிலிருந்த பொறியாளர்கள் கண்டுபிடித்து, ஒவ்வொரு படியாக வானொலியில் வாசித்துச் சொன்னார்கள்.

படம் முடிந்ததும் அறையின் இரு மூலைகளில் இரண்டு மேசைகளைப் போட்டு, நடுவில் திரைச்சீலையைத் தொங்கவிட்டார்கள். இரண்டிலும் ஒரே பொருள்கள்: சதுர அட்டைப்பெட்டி, வட்டக் குழாய், பை, நாடா. முதல் மேசைக் குழு காற்று கசியாத இணைப்பு ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். பிறகு, அதை மறுபக்கத்துக் குழுவும் செய்துமுடிக்கும்படி வாய்மொழியாக மட்டுமே வழிநடத்த வேண்டும். "பையின் வாயைப் பெட்டியின் மேல் இழுத்துவிடுங்கள்" என்று இங்கிருந்து சொன்னார்கள், "எந்தப் பக்கம் மேல்?" என்று அங்கிருந்து கேள்வி வந்தது. அந்த நொடியில் இரு மேசைகளும் அமைதியாகிவிட்டன, ஏனெனில் எடையற்ற கலத்துக்குள் மேலேது கீழேது என்ற ஐயம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எழுந்தது. அதுவரை வாய் திறக்காத பள்ளி மாணவி ஒருவர், பெட்டியின் ஆறு முகங்களுக்கும் எண் கொடுத்துவிடலாம் என்றார். அடுத்த அரை மணி நேரம், தெளிவாகச் சொல்வது என்றால் என்ன என்பதைப் பற்றியே பேசினோம். விண்வெளி வல்லுநர் எவரும் அந்த அறையில் இல்லை. ஒருவர் தேவை என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

பாதைக்கணக்கு

மேசைப் பயிற்சி அருமை. நான் படங்களில் வரும் பிழைகளிலிருந்து பேச்சைத் தொடங்குபவன். பிழையைச் சுட்டினால் படத்தின் சுவை கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சுட்டும் முறையைப் பொறுத்தது அது என்பது என் எண்ணம்.

2013-இல் வந்த 'கிராவிட்டி' படத்தில் ஹபிள் தொலைநோக்கி அருகே விபத்துக்குள்ளாகும் வீரர்கள், முதுகில் பூட்டிய உந்துகலத்தின் துணையோடு பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போகிறார்கள். உண்மையில் ஹபிள் புவிநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்வில் சுற்றுகிறது, நிலையம் 51.6 பாகை சாய்வில் சுற்றுகிறது. உயர வேறுபாடு ஒருபுறம் இருக்கட்டும். இந்தச் சாய்வை மாற்றுவதற்கு மட்டுமே, எல்லாம் சாதகமாக அமைந்தாலும், நொடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அளவுக்குத் திசைவேகத்தை மாற்ற வேண்டும். 1984-இல் விண்வெளி வீரர்கள் உண்மையில் பயன்படுத்திய முதுகு உந்துகலத்தால் தரமுடிந்ததோ நொடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், விண்வெளியில் 'அருகில்' இருப்பது என்பதற்குத் தொலைவைவிட வேகமும் திசையுமே அளவுகோல் என்பது விளங்கிவிடும். இதைப் பாடநூலில் படித்தவர்களுக்குக்கூட அந்த இடத்தில்தான் மனத்தில் பதிகிறது.

2015-இன் 'தி மார்ஷன்' படத்தில் கலத்தையே சாய்க்கும் புழுதிப் புயலும் அப்படிப்பட்டதே. செவ்வாயின் காற்றழுத்தம் புவியினுடையதில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் அங்கே எவ்வளவு வேகமான காற்றுக்கும் அத்தனை வலு இராது.

ஆனால் ஒன்றை வலியுறுத்துகிறேன். பிழைப் பட்டியலை யாரும் முதலில் வாசிக்கக் கூடாது. எந்தக் காட்சி உங்களைப் பிடித்து நிறுத்தியது என்பதே முதல் சுற்றாக இருக்கட்டும். படத்தை நேசித்தவர் தாம் நேசித்ததைச் சொல்லி முடித்தபிறகு கணக்கைக் கொண்டுவந்தால், அவரும் ஆவலோடு சேர்ந்துகொள்வார்.

கூர்நோக்கு

எல்லாக் கூட்டங்களிலும் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும்: "நிலவில் இறங்கியதே பொய்யாமே?" என்பது ஒன்று, "பசித்தவர் இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு?" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கிணைப்பாளர்கள் தொல்லையாகக் கருதி அடக்கிவிடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

முதல் கேள்வியைக் கேட்பவரைச் சிரித்து உட்காரவைத்தால் அவர் மறுமுறை வரமாட்டார். அவரைப் போலவே எண்ணி வாய் திறக்காமல் இருந்தவர்களும் வரமாட்டார்கள். "எந்தச் சான்று கிடைத்தால் ஏற்பீர்கள்?" என்று அவரிடமே கேளுங்கள். நிலவில் எடுத்த படங்களில் விண்மீன்கள் இல்லையே என்பார். இரவில் வெளியே அழைத்துப்போய், பளிச்சென்ற விளக்கின் கீழ் ஒருவரை நிற்கவைத்து, அவர் முகம் தெளிவாக விழும்படி கேமராவை அமைத்து எடுக்கச் சொல்லுங்கள். பின்னணி வானம் கறுப்பாகவே விழும். பிறகு, அப்பல்லோ 11, 14, 15 பயணங்களில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்கள் மீது இன்றும் லேசர் பாய்ச்சித் தொலைவு அளக்கிறார்கள் என்பதையும், ஆறு தரையிறக்கங்களில் கொண்டுவரப்பட்ட 382 கிலோ கற்களும் மண்ணும் பல நாட்டு ஆய்வகங்களில் ஆராயப்பட்டிருப்பதையும், 2009 முதல் நிலவைச் சுற்றிவரும் எல்.ஆர்.ஓ. விண்கலம் தரையிறங்கிய இடங்களைப் படமெடுத்திருப்பதையும் சொல்லலாம். சோதனை முதலில், செய்தி பிறகு என்ற வரிசை முக்கியம்.

இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. அதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்க வேண்டும் என்பேன். 1969 ஜூலை 15 அன்று, அப்பல்லோ 11 புறப்படுவதற்கு முந்திய நாள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமவுரிமைப் போராட்டத் தலைவர் ரால்ஃப் அபர்னாதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியையும் அழைத்துக்கொண்டு ஏவுதளத்துக்கே வந்தார். நாசாவின் தலைவர் தாமஸ் பெயின் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். ஏவுதலுக்கான பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீரும் என்றால், தாம் அழுத்தமாட்டோம் என்ற பொருளில் பெயின் பேசினார். அபர்னாதியோ எதிர்ப்பைத் தெரிவித்த அதே இடத்தில், வீரர்கள் நலமாகத் திரும்ப வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார். மறு ஆண்டு, சாம்பியாவில் பணியாற்றிய ஒரு கன்னிகாஸ்திரி இதே கேள்வியைக் கடிதமாக எழுத, நாசாவின் அறிவியலாளர் எர்ன்ஸ்ட் ஸ்டூலிங்கர் அதற்கு நீண்ட மறுமொழி எழுதினார். அந்தச் சந்திப்பின் விவரத்தையும் இந்தக் கடிதத்தையும் இருவர் உரக்க வாசித்தால் போதும். கடிதம் சொல்வதே இறுதித் தீர்ப்பு என்று அவையிடம் திணிக்க வேண்டியதில்லை. எனக்கு அபர்னாதியின் தரப்பும் வலுவானதாகவே தோன்றுகிறது. ஒருங்கிணைப்பாளர் இரு பக்கத்தையும் அதே மரியாதையோடு முன்வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மழலைவட்டம்

சிறுவர்கள் வரும் திரையிடல்களைப் பற்றி ஒரு சொல். 1957-இல் லைக்கா என்ற நாயை விண்வெளிக்கு அனுப்பியபோது அதைத் திருப்பிக் கொண்டுவர ஏற்பாடே இருக்கவில்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதைந்து எழுவர் இறந்ததை, ஆசிரியை கிறிஸ்டா மக்காலிஃப் அதில் இருந்த காரணத்தால், பள்ளிகளில் நேரலையாகப் பார்த்த பிள்ளைகள் ஏராளம். இத்தகைய காட்சிகள் வரும் படத்தைச் சிறுவர்களுக்கு மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என்ன வரப்போகிறது என்று பெற்றோருக்கு முன்னரே தெரிவித்துவிட்டு, முடிந்ததும் பிள்ளைகள் தம் வருத்தத்தைச் சொல்ல நேரம் கொடுங்கள். "அந்த நாய்க்குத் தெரியுமா?" என்று ஒரு குழந்தை கேட்டால், உடனே ராக்கெட் தொழில்நுட்பத்துக்குத் தாவிவிடாதீர்கள்.

இன்னொன்று: பிள்ளைகளும் முதியோரும் கலந்திருக்கும் அவையில் படத்தின் தெளிவைவிட ஒலியின் தெளிவே முக்கியம். ப்ரொஜெக்டருக்குச் செலவிடும் கவனத்தில் பாதியை ஒலிபெருக்கிக்குக் கொடுங்கள். வசனவரிகள் திரையின் அடியில் வருவதால், முன்வரிசைத் தலைகள் மறைக்காத உயரத்தில் திரையைக் கட்டுங்கள்.

கீழ்வானம்

எல்லோருக்கும் நன்றி. என் முதல் பதிவில் இருந்த திட்டம் இப்போது வெகுவாக மாறிவிட்டது. அடுத்த தொடரை உலக விண்வெளி வாரத்தில் நடத்தலாம் என்றிருக்கிறேன். அது ஆண்டுதோறும் அக்டோபர் 4 முதல் 10 வரை. முதல் நாள் 1957-இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்ட நாள், கடைசி நாள் 1967-இல் விண்வெளி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாள். வானம் பார்க்கவும் விருப்பம் இருந்தால், அந்த ஏழு நாளுக்குள் வளர்பிறைப் பாதிநிலா வருகிறதா என்று பார்த்து நாளைக் குறிக்க வேண்டும். முழுநிலவன்று தொலைநோக்கியில் நிலவு தட்டையாகத் தெரியும். பாதிநிலாவிலோ ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும், நள்ளிரவு வரை அது மறையவும் மறையாது.

முதல் மாலை மெலியே படமும் பீரங்கிக் கணக்கும். இரண்டாம் மாலை 'அப்பல்லோ 11' முழுப் படம், இடைவேளை, அதன்பின் காதில் விழுந்த பேச்சிலிருந்து உரையாடல். மூன்றாம் மாலைக்குப் படமே வேண்டாம். அபர்னாதியையும் ஸ்டூலிங்கரையும் வாசித்துவிட்டு முழு நேரமும் பேசுவோம். உரிமக் கடிதத்தை இந்த வாரமே எழுதுகிறேன். ஏடகம் அவர்கள் வரைவை ஒரு முறை பார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும்.

ஒளிக்கற்றை

மூன்றாம் மாலையில் படமே இல்லை என்பதை ஏற்க எனக்குத் தயக்கம்தான். ஆனாலும் வந்து கேட்கிறேன்; அபர்னாதி பற்றிய பகுதியை வாசிக்க ஆள் கிடைக்காவிட்டால் அதை நான் வாசிக்கிறேன்.